பசிக்குப் பிணை யார்?

‘திருடனைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாமே! சட்டம் செத்துவிட்டதா? சர்க்கார் தூங்குகிறதா?’

ஆம்பூர்க் கடைத்தெருவிலே, ஒரு கையிலே தேநீர்க் குவளையும் மறு கையிலே நாளேடுமாக நின்ற பெரியவர் ஒருவர் பொங்கினார். சுற்றி நின்றோர் தலையாட்டினர். ‘நாலு நாள் உள்ளே கிடந்தால்தான் புத்தி வரும்’ என்றார் ஒருவர். ‘புத்தி எங்கே வரும்? அது அவன் தலையெழுத்து’ என்றார் இன்னொருவர்.

அவர்கள் பேசிக்கொண்ட அந்தத் திருடனை நான் அறிவேன். என் வகுப்பிலே மூன்றாவது வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டவன். கணக்கிலே கெட்டிக்காரன், கட்டுரையிலே சோம்பேறி. அவனைத் திருப்பி அனுப்பிய நீதிமன்றத்திலே பிணைத்தாளில் கையொப்பமிட்டவனும் நான்தான். ஆகவே அந்தப் பெரியவருக்கு விடை கூறும் கடமை எனக்கு இருக்கிறது. கடைத்தெருவிலே கூறியிருக்கலாம், அவருடைய தேநீர் ஆறியிருக்கும். இங்கே கூறுகிறேன், தோழர்களே.

குற்றம் நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. நடந்தது. மூடிக் கிடந்த ஷூ கம்பெனி ஒன்றின் பின்சுவரை ஏறிக் குதித்து, தையல் இயந்திரங்களிலிருந்து இரண்டு மோட்டார்களைக் கழற்றிக்கொண்டுபோய், காயலான் கடையிலே போட்டான். மறுநாளே பிடிபட்டான். கைதேர்ந்த கள்வன் அப்படி மறுநாளே அகப்படமாட்டான் என்பதைக் கடைத்தெரு அறியாது. பத்தொன்பது வயது. அதே கம்பெனியிலே, அதே இயந்திரத்திலே, ஷூவின் மேற்பகுதியைத் தைத்தவன் அவன். ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை, வாரக் கூலி. கம்பெனி மூடியபோது அவனுக்கு வரவேண்டிய கூலி பாக்கி நின்றது. கேட்டால், ‘ஆர்டர் வரட்டும்’ என்றார் ஒப்பந்தக்காரர். ஆர்டர் வரவில்லை. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்தார், மளிகைக் கடைக்காரர் வந்தார், வட்டிக்காரர் வந்தார். எல்லாரும் வந்தனர், கூலி ஒன்றைத் தவிர!

அவனுடைய தாய் என்னைப் பள்ளிக்கூட வாசலிலே வந்து பார்த்தபோது சொன்ன சொல் இன்னும் என் செவியில் இருக்கிறது.

“சார், அவன் எடுத்தது தப்புதான். இல்லேன்னு நான் சொல்லல. ஆனா மூணு மாசம் அவன் தெச்ச கூலியை எடுத்துக்கிட்டவங்களை எந்தக் கோர்ட்டுல கேக்கறது?”

கல்லூரியிலே கலைப்பட்டம் பெற்றவன் நான். மூன்றாண்டுகள் வரலாறும் பொருளியலும் படித்தவன். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் நின்றேன்.

ஏன் மூடினார்கள் அந்தக் கம்பெனியை? 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள், இந்தியப் பண்டங்களின்மீது அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. அதே மாதம் 27ஆம் நாள் அது 50 விழுக்காடாயிற்று. வாஷிங்டனிலே ஒருவர் பேனாவை எடுத்தார். ஆம்பூரிலே ஆயிரக்கணக்கானோர் ஊசியை வைத்தனர். கப்பலேறக் காத்திருந்த பெட்டிகள் கிடங்கிலே தங்கின. ‘பாதி விலைக்குத் தருகிறாயா?’ என்று கேட்டான் வாங்குவோன். ‘பாதிக் கூலிக்கு வருகிறாயா?’ என்று தொழிலாளியைக் கேட்டார் தொழிலதிபர். சிலர் அப்படியும் போனார்கள். பலருக்கு அதுவும் இல்லை.

இது முதல் இடியுமன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகப் படர்ந்து கிடக்கும் இந்தத் தோல்நாடு, பிறர் தும்மினால் தனக்குக் காய்ச்சல் காணும் நாடு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோலை வெள்ளைக்காரன் நாட்டுக்கு அனுப்பிய காலந்தொட்டே இதன் அடுப்பு, கடல் கடந்தவன் கடையிலே விற்பனை நடந்தால்தான் எரியும். 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது இங்கே தோல் தேங்கிற்று. 1989இன் இறுதியில் பென்டாகுளோரோபீனால் என்னும் இரசாயனத்துக்கு ஜெர்மனி தடை விதித்தபோது இங்கே தொட்டிகள் திகைத்தன. 1996இல், பாலாற்றைப் பாழாக்கிய பதனிடும் ஆலைகளின்மீது உச்ச நீதிமன்றம் சாட்டையைச் சுழற்றிற்று. வேண்டிய சாட்டைதான், ஆற்றைக் கொன்றவர்கள் வாங்கவேண்டிய அடிதான். ஆனால், கதவடைத்த ஆலைகளிலே முதலாளிக்கு வேறு ஊரில் ஆலை இருந்தது. தொழிலாளிக்கு வேறு ஊரில் வயிறு இல்லை. 2008இல் அமெரிக்க வங்கிகள் விழுந்தன. 2020 மார்ச்சிலே கொரோனாவுக்காக நாடே பூட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் அணைவது இந்த ஊர்களின் அடுப்பு. சில மாதங்கள் கழித்து, நீதிமன்ற வாசலிலே சில புது முகங்கள்.

புது முகங்கள்! இந்தச் சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், தோழர்களே. நல்ல காலத்திலே திருடாதவன், வேலையிருந்தபோது திருடாதவன், வேலை போனபின் திருடுகிறான் என்றால், ‘தலையெழுத்து’ எழுதியவன் யார்? அந்த எழுத்தாளனுக்கு அமெரிக்காவின் சுங்க வரி அட்டவணை எப்படித் தெரிந்தது? பிரமனும் வாணிப ஒப்பந்தம் படிக்கிறானோ? முற்பிறவிப் பாவம் 2025 ஆகஸ்டு வரையிலே காத்திருந்து, கம்பெனி மூடிய மறுமாதம்தான் பலித்ததோ? பகுத்தறிவுக்கு இடம் தந்தால் பதில் எளிது. ஆனால் தலையெழுத்துத் தத்துவம் ஒரு வசதியைத் தருகிறது: குற்றவாளியின் கபாலத்தைத் தடவிப் பார்த்தால் போதும், கூலிக் கணக்கைப் புரட்டிப் பார்க்கவேண்டிய தொல்லை இல்லை!

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். எந்தச் சட்டம் அவனை அனுப்பிற்று?

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தகாத குற்றமாயின், நீதிமன்றம் விரும்பினால், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், மூன்றாண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலே வைக்கலாம். இருபத்தொரு வயது நிரம்பாதவனாயின், அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்காமலும் காரணத்தை எழுதி வைக்காமலும் அவனைச் சிறைக்கு அனுப்பிவிட முடியாது. ஆக, கடைத்தெருப் பெரியவரே, சட்டம் சாகவில்லை, சட்டப்படிதான் நடந்தது. ‘விட்டுவிட்டார்கள்’ என்பதும் பிழை. கயிறு அவன் காலில் இருக்கிறது. நீளம்தான் கொஞ்சம் கூட. நிபந்தனை மீறினால் மீண்டும் அழைத்துப் பழைய குற்றத்துக்கே தண்டிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது டெல்லி தந்த பிச்சையுமன்று. 1936ஆம் ஆண்டிலேயே, நீதிக்கட்சி ஆட்சியின் கடைசி நாட்களிலே, சென்னை மாகாணத்துக்கென நன்னடத்தைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. காலத்தைக் கவனியுங்கள்! உலகப் பெருமந்தம் உழவனையும் தொழிலாளியையும் உருக்குலைத்திருந்த காலம். நெல்விலை வீழ்ந்து, நிலவரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்ற காலம். 1931 டிசம்பரிலே கப்பலேறிய பெரியார், ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் கண்டு 1932இன் பிற்பகுதியிலே திரும்பி, சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை வகுத்ததும் அந்தப் பெருமந்தத்தின் நடுவில்தான். வறுமை வானத்திலிருந்து விழுவதன்று, வகுத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று மேடைதோறும் முழங்கிய காலம் அது.

இந்த முறை பிறந்த கதை நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் இனிக்கும். 1841ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகர். குடித்துவிட்டு வந்த குற்றத்துக்காக ஒருவனைச் சிறைக்கு அனுப்ப இருந்தார்கள். நீதிமன்றத்திலே இருந்த ஒருவர் எழுந்து, ‘இவனை என்னிடம் விடுங்கள், நான் பிணை’ என்றார். விட்டார்கள். குறித்த நாளில் அந்தக் குடிகாரன் அடையாளம் தெரியாதபடி திருந்தி வந்து நின்றான். அப்படிப் பிணை நின்றவர் 1859இல் மறையும் வரையிலே ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்குப் பிணை நின்றார். பெயர் ஜான் அகஸ்டஸ். பாதிரியார் அல்லர், பிரபு அல்லர், வழக்கறிஞரும் அல்லர். தொழில் என்ன தெரியுமா? பூட்ஸ் தைப்பது! ஆம், தோழர்களே. உலகத்து நன்னடத்தை அலுவலர்களுக்கெல்லாம் முன்னோடி ஒரு செருப்புத் தொழிலாளி. நம் நாட்டிலே தோலைத் தொட்டவனைத் தீண்டாதே என்றது சாத்திரம். தோலை விற்றவன் சீமான். தோலைத் தொட்டவன் தீட்டு! அங்கே தோலைத் தொட்டவன் கை, தாழ்ந்தவனைத் தூக்கிவிடும் முறையொன்றை உலகுக்குத் தந்தது.

நம் சனாதனிகளுக்கும் மன்னிக்கத் தெரியாமலில்லை. மனுவின் நூலிலே மன்னிப்பு உண்டு. யாருக்கு என்பதுதான் கேள்வி. உயிர்த்தண்டனைக்குரிய குற்றம் செய்தவன் பிராமணனாயின் தலையை மழித்தால் போதும். அவன் எந்தப் பாவம் செய்தாலும் கொல்லாதே, பொருளோடும் காயமில்லாமலும் நாட்டைவிட்டு அனுப்பு என்கிறது எட்டாம் அத்தியாயம். ‘திருட்டுக்கு உயர்சாதியாருக்குத்தானே அதிக அபராதம் என்று அதே அத்தியாயம் கூறுகிறது?’ என்று ஏடு தூக்கி வருவார் ஒரு சாத்திரியார். வரட்டும். அபராதத்திலே காட்டிய நியாயம், உயிர் என்று வந்தபோது எங்கே ஓடிற்று என்று அவரையே கேளுங்கள். ஒருவனுக்கு மழித்த மயிர். மற்றவனுக்கு அறுத்த கழுத்து. இதுதான் அவர்களுடைய நன்னடத்தைச் சட்டம்!

வெள்ளையனும் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தையின் நெற்றியிலேயே குற்றவாளி என்று முத்திரை. இரவிலே காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கவேண்டும். 1952இல்தான் இந்திய நாடு முழுவதிலும் அது ஒழிந்தது. ஒழிந்ததா? சிறைக்குள்ளே சாதி பார்த்து வேலை தரும் விதிகளை 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்க வேண்டியிருந்தது என்றால், சட்டம் போயிற்று, சாயம் போகவில்லை என்றுதானே பொருள்?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேற்பார்வை என்பது இருமுனைக் கத்தி. நண்பனாக நின்று கைகொடுப்பதும் மேற்பார்வை. கணக்குப் புத்தகத்திலே வாரந்தோறும் ஆளை எண்ணிப் பார்ப்பதும் மேற்பார்வை. முன்னது பாஸ்டன் செருப்புத் தொழிலாளி காட்டியது. பின்னது குற்றப் பரம்பரைச் சட்டம் காட்டியது. நாம் எதைச் செய்துகொண்டிருக்கிறோம்?

என் மாணவனின் கதைக்கு மீள்வோம்.

பிணையிலே விடுவதற்கு முன் சட்டம் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறது. குற்றவாளிக்கோ, அவனுக்குப் பிணை நிற்பவருக்கோ, அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்கவேண்டும். இருப்பிடமா? வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்துவிட்டு, தாயும் மகனும் தங்கையும் பேரணாம்பட்டிலே சிற்றன்னை வீட்டுத் திண்ணையிலே இருந்தார்கள். தொழிலா? தொழில் இருந்திருந்தால் சுவர் ஏறுவானேன்? ஆக, எந்த இல்லாமை அவனைக் குற்றத்துக்குத் தள்ளியதோ, அதே இல்லாமை அவனைச் சிறைக்குத் தள்ளவும் காத்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, பிணையாள் பக்கம் ஒரு வழியிருந்தது. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது; ஆம்பூரிலே வாடகை வீடு இருக்கிறது. என்னுடைய சம்பளச் சீட்டைக் காட்டினேன். அவன் வெளியே வந்தான்.

என்னைப் புகழாதீர்கள். இதிலே எனக்குப் பெருமையில்லை, அச்சம்தான் இருக்கிறது. அன்று அதே மரத்தடியிலே இன்னும் இருவர் நின்றார்கள். ஒருவனுக்கு மூத்த அண்ணன் இருந்தான், அவனும் வேலையிழந்தவன். இன்னொருவனுக்கு யாருமில்லை. அவர்களும் எங்கோ ஒரு வகுப்பிலே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். சம்பளக்கார வாத்தியார் ஒருவரை அறிந்திருப்பதா ஒரு மனிதனின் விடுதலைக்கு விலை? நல்ல காலத்திலே இந்த விதி நியாயமாகத் தோன்றும். ஊரிலே பாதிப்பேர் தொழிலிழந்து நிற்கும்போது, அதே விதி ஏழையை வடிகட்டும் சல்லடையாகிவிடுகிறது.

வெளியே வந்தபின் என்ன நடந்தது? நன்னடத்தை அலுவலர் நல்லவர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவரைப் பழிக்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. மேசையிலே கோப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. அவனை உட்காரச் சொன்னார். ‘தம்பி’ என்று அழைத்தார். குடிக்காதே, கூடாதோருடன் கூடாதே, சொல்லாமல் ஊரைவிட்டுப் போகாதே, வேலை தேடிக்கொள் என்றார். அவன் ‘சரி சார்’ என்றான். பிறகு தயங்கித் தயங்கி, “எங்கே சார் தேடறது?” என்றான்.

அலுவலர் என்னைப் பார்த்தார். “எனக்கு அறிவுரை சொல்ல அதிகாரம் இருக்கிறது. அறிக்கை எழுத அதிகாரம் இருக்கிறது. அனுப்புவதற்கு ஒரு வாசல் இல்லையே, ஆசிரியரே!” என்றார்.

இதோ முடிச்சு, தோழர்களே! சட்டத்தின் பதினான்காம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தம் மேற்பார்வையிலுள்ளோருக்குத் தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடித்தர முயல்வது நன்னடத்தை அலுவலரின் கடமை என்று அதிலே எழுதியிருக்கிறது. அறிவுரை மட்டுமன்று, வேலை! சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது: வேலையில்லாதவனிடம் ஒழுக்கம் பேசுவது, ஓட்டைக் குடத்திலே நீர் வார்ப்பது. ஆனால் கடமையை எழுதினார்களே தவிர, கருவியைக் கொடுத்தார்களா? ஓர் அலுவலருக்கு எத்தனை வேலையிடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன? எந்தக் கம்பெனி அவருடைய கடிதத்துக்குக் கதவு திறக்கக் கட்டுப்பட்டிருக்கிறது? ‘முயலவேண்டும்’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு, முயலுக்குக் கொம்பு இருக்கிறதா என்று தேடச் சொன்ன கதைதான்!

சில மாதங்கள் கழித்து ஒரு கம்பெனியிலே கொஞ்சம் ஆள் எடுத்தார்கள். ஓடினான். கைத்திறனைப் பார்த்தார்கள், மெச்சினார்கள். பிறகு, ‘வழக்கு ஏதாவது உண்டா?’ என்று கேட்டார்கள். பொய் சொல்லாதே என்று நானும் அலுவலரும் ஓதியிருந்தோமல்லவா, உண்மையைச் சொன்னான். கதவு சாத்தப்பட்டது. அதே சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, இப்படிப் பிணையில் விடப்பட்டவனுக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதிக்கேடு எதுவும் இல்லை என்று கூறுகிறது. கூறட்டுமே! கம்பெனி வாசலிலே காவல் நிற்பவர் பன்னிரண்டாம் பிரிவைப் படித்தவரா? சட்டம் துடைத்த கறையைச் சமூகம் மீண்டும் பூசுகிறது.

இன்னொரு கொடுமை. கையொப்பமிடப் போகும் நாளிலே பேருந்துக் கட்டணம் ஒரு பக்கம். கட்டட வேலையோ மூட்டை வேலையோ ஏதோ ஒன்று கிடைத்திருந்தால் அந்த நாட்கூலி போவது மறுபக்கம். வேலை தேடு என்கிறது உத்தரவின் ஒரு வரி. வேலைநாளிலே வந்து நில் என்கிறது இன்னொரு வரி. சம்பளத்தோடு விடுமுறை பெறும் என்னைப் போன்றோருக்கு இது விளங்காது. அன்றாடங்காய்ச்சிக்கு விளங்கும்.

சிறைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். வேலூர் மத்திய சிறை நமக்குப் புதிதன்று. 1962இல் விலைவாசி உயர்வை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சியிலே அறிஞர் அண்ணா அடைபட்டுக் கிடந்தது அந்த மதிற்சுவருக்குள்தான். விலைவாசியைக் கேட்டவருக்கும் அங்கே இடமிருந்தது. விலைவாசியால் விழுந்தவனுக்கும் அங்கேதான் இடம்! அந்தச் சிறையிலே காலணி தைக்கும் பட்டறை இருக்கிறது. தோல் உண்டு, ஊசி உண்டு, வேலை உண்டு, மூன்று வேளை சோறும் உண்டு. சுவருக்கு வெளியே, தோல்நாட்டின் நடுவிலே, தோல் தைக்கத் தெரிந்தவனுக்கு வேலையில்லை. சுவருக்குள்ளே போனால் வேலை! சிறை அதிகாரிகளுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் பயிற்சி தரவென்று 1979இல் தொடங்கப்பட்டு, தென்மாநிலங்களுக்குப் பொதுவாக விளங்கும் பயிற்சி நிலையமும் அதே வேலூரில்தான் இருக்கிறது. சீர்திருத்தத்தைக் கற்றுத்தரும் ஊரும் அது. சீர்திருந்த வழியின்றி இளைஞர்கள் நிற்கும் ஊரும் அதற்கு அடுத்த ஊர்.

‘அப்படியானால் சிறையே மேல் என்கிறாயா?’ என்பார் நம் பெரியவர். இல்லை, ஐயா. சிறை எப்போதும் வெளியுலகத்தின் அடித்தட்டு வாழ்வைவிட ஒருபடி கொடியதாக இருக்கவேண்டும் என்பதே ஆளவந்தோர் கணக்கு. ஜார்ஜ் ரூஷே, ஓட்டோ கிர்க்ஹைமர் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள், இட்லரின் ஆட்சியிலிருந்து வெளியேறியவர்கள், 1939இல் வெளியிட்ட நூலிலே தண்டனையின் வரலாற்றைத் தொழிலாளர் சந்தையோடு பொருத்திக் காட்டினார்கள். ஆள் பற்றாக்குறையான காலத்திலே கைதியின் உழைப்புக்கு விலையுண்டு, தண்டனை இளகும்; ஆள் மலிந்த காலத்திலே ஏழையின் உயிர் மலியும், தண்டனை இறுகும். மந்தம் வந்தால் கடைத்தெருவிலே ‘உள்ளே போடு’ என்ற கூச்சல் ஏன் உரக்க எழுகிறது என்பதற்கு விளக்கம் இதிலே கிடைக்கிறது. மற்றவர்கள் தங்கள் வயிற்றெரிச்சலை வேறு எங்கே கொட்டுவார்கள்? வரி போட்டவன் எட்டாத தூரத்திலே இருக்கிறான். கூலி கொடுக்காதவன் எட்டாத உயரத்திலே இருக்கிறான். எட்டும் தூரத்தில் இருப்பவன் சுவரேறிய சிறுவன்தானே!

திருட்டைக் கொடுத்தவன் துயரம் எனக்குத் தெரியாதா? தெரியும். மந்தக் காலத்திலே சிறுகடைக்காரனும் சீரழிகிறான். அவன் கல்லாவிலே கைவைத்தால் அவன் குடும்பமும் பட்டினி. அதற்கும் சட்டத்திலே வழியிருக்கிறது: இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். நான் சொல்வது இதுதான். சிறைக்குப் போனவன் இழப்பீடு கொடுப்பதில்லை. வேலைக்குப் போனவன் கொடுப்பான். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலே, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் சமூகத் தொண்டே தண்டனை என்று எழுதியிருக்கிறார்கள். நல்லது. ஆனால், தொண்டுக்குக் கூலி கிடையாது. தெருவைப் பெருக்கிவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போகிறவன் மறுநாள் எந்தச் சுவரைப் பார்ப்பான்?

பழந்தமிழ் நூல் ஒன்றை இங்கே நினைக்கிறேன். மணிமேகலையிலே அட்சய பாத்திரமும் ஆகாய வழிப்பயணமும் வரும். அவற்றைக் குப்பையிலே போடுங்கள். ஆனால் அந்தக் கதையின் நடுவிலே ஓர் அறிவு மின்னுகிறது. என்ன வேண்டும் என்று கேட்ட மன்னனிடம், பொன் கேட்கவில்லை அந்தப் பெண். சிறைச்சாலையை அறச்சாலையாக்கித் தரச் சொல்கிறாள். பசிக்கும் சிறைக்கும் உள்ள உறவைச் சாத்தனார் கண்டிருக்கிறார். இன்றைய நிதியமைச்சர்கள் காணவில்லை!

அறச்சாலை வேண்டாம், தொழிற்சாலை வேண்டும். இரக்கம் வேண்டாம், ஏற்பாடு வேண்டும். என்ன ஏற்பாடு? நன்னடத்தை அலுவலரின் கடிதத்தைக் கண்டால் வேலை தரக் கட்டுப்பட்ட இடங்கள் இந்தத் தோல்நாட்டிலே வேண்டும். அரசுக்குக் காலணி விற்கும் கம்பெனிகளிலிருந்து அதைத் தொடங்கலாம். ஊரகத்துக்கென 2005இல் வேலை உறுதிச் சட்டம் வந்தபோது நகராட்சி எல்லைக்குள் இருந்தவனுக்கு அதிலே இடமில்லாது போயிற்று. ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளி விடுபட்டது அப்படித்தான். மந்தக் காலத்திலே அவனுக்குக் கூலிவேலை வேண்டும். வேலைக்கா பஞ்சம்? கழிவு மண்டிய பாலாறு கண்முன்னே கிடக்கிறதே! வேலை கிடைக்காததை நிபந்தனை மீறலாகக் கணக்கிடக் கூடாது. கையொப்ப நாளைத் தொழிலாளியின் ஓய்வுநாளுக்கு மாற்றவேண்டும். அலுவலர் அவனிருக்கும் ஊருக்கு வரவேண்டும். அவனுடைய நாட்கூலி அலுவலகத்துக்குப் போகக் கூடாது. மூடிய கம்பெனிகளின் கூலி பாக்கியை வசூலிக்க, திருட்டு வழக்குக்குக் காட்டும் வேகத்திலே பாதியாவது காட்டவேண்டும்.

இவை சர்க்கார் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. படிப்பகம் நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், ஆண்டுதோறும் மாநாட்டுக்குப் பந்தல் போடுகிறோம். சம்பளச் சீட்டு வைத்திருக்கும் தோழர்கள் ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து, நீதிமன்றத்திலே யாருமற்று நிற்பவனுக்குப் பிணை நிற்கும் பட்டியல் ஒன்று வைத்தால் என்ன? செலவு ஒரு கையொப்பம். ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். பிணை நின்றவன் ஓடிவிட்டால் பணம் கட்டவேண்டும். நானும் இரவிலே சிலநாள் அதை எண்ணி விழித்துக் கிடந்ததுண்டு. பாஸ்டன் தொழிலாளியும் விழித்துக் கிடந்திருப்பார்.

என் மாணவன் இப்போது குடியாத்தம் சாலையிலே ஒரு பஞ்சர்க் கடையில் நாட்கூலிக்கு இருக்கிறான். தோல் தைத்த விரல்கள் இரப்பர் ஒட்டுகின்றன. கடைக்காரரிடம் வழக்கைச் சொன்னான். ‘எனக்கு மோட்டார் இல்லை, பயமில்லை’ என்று சிரித்தாராம். அடுத்த கையொப்ப நாள் திங்கட்கிழமை. கூலி போகும் என்று கலங்கினான். அலுவலருக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தரும்படி. பதில் இன்னும் வரவில்லை. மரத்தடியிலே நின்ற அந்த இன்னொரு பையனின் வழக்கு வியாழக்கிழமை வருகிறது. நான் அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.